காமிக்ஸ், அனிமே பற்றி எழுதும் பெண்கள் கேட்பவை: சிங்கப்பூர்க் கேள்வி-பதில்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு காமிக்ஸ், மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்), அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), கேம்ஸ் பற்றித் தமிழில் எழுதும் பெண்களும், எழுதலாமா என்று யோசிப்பவர்களும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் தட்டுவதைவிட ஒரே இடத்தில் சேர்த்துவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. சட்டம், வரி, அனுமதி அட்டை பற்றிய பதில்கள் சிங்கப்பூருக்கு மட்டுமே பொருந்தும்.

1. நான் எல்லாத்தையும் படிச்சதில்ல. எழுதத் தகுதி இருக்கா?

எல்லாவற்றையும் படித்தவர் யாரும் இல்லை. டெக்ஸ் வில்லர் 1948இலிருந்து இத்தாலியக் காமிக்ஸில் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்பைடர்மேன் 1962இலிருந்து சுவர் ஏறுகிறார். இதில் ஒன்றை முழுசாகப் படித்து முடிப்பதற்குள்ளேயே பேரன் பேத்தி வந்துவிடும்.

எழுதும் புத்தகத்தை மட்டும் இரண்டு முறை படித்திருந்தால் போதும். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை கையில் பென்சிலோடு, எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று குறித்தபடி. தொடரில் மூன்று தொகுதிதான் படித்திருக்கிறீர்கள் என்றால் முதல் பத்தியிலேயே "மூன்றாம் தொகுதி வரை படித்தேன்" என்று போட்டுவிடுங்கள். பின்னால் வரக்கூடிய சண்டையில் பாதி அந்த ஒரு வரியிலேயே அடங்கிவிடும்.

2. "இரும்புக்கை மாயாவி தெரியுமா, முதல் இதழ் எந்த வருஷம்?"னு பரீட்சை வைக்கிறாங்க. பதில் சொல்லணுமா?

கட்டாயம் இல்லை. இது தகவல் கேட்கும் கேள்வியே அல்ல, வாசலில் நின்று டிக்கெட் கேட்பது. அதே கட்டுரையை ஓர் ஆண் எழுதியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். இன்னோர் அடையாளமும் உண்டு: சரியான பதில் சொன்னால் நன்றி வராது, அடுத்த கேள்வி வரும். ஒரு முறை பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், சொல்லாமலும் விடலாம்.

தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு: முத்து காமிக்ஸின் முதல் இதழாக 1972இல் வந்தது இரும்புக்கை மாயாவி. மூலக்கதை 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கியது. "பொண்ணுங்க இப்பத்தானே காமிக்ஸ் பக்கம் வர்றீங்க" என்பவர்களிடம் ஒன்று சொல்லலாம். 1984இல் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ் ஒரு பெண்ணின் சாகசம். மாடஸ்டி பிளைசி.

3. இங்க புத்தகம் எங்க கிடைக்கும்? எல்லாம் காசு கொடுத்து வாங்கணுமா?

பொது நூலகங்களில் ஆங்கிலச் சித்திரக்கதைகளும் மங்காவும் நிறைய இருக்கின்றன, 21 நாள் வைத்திருக்கலாம். அதே நூலக உறுப்பியத்தில் லிபி செயலி வழியாக மின்னூலும் எடுக்கலாம். புது மங்கா அத்தியாயங்களுக்கு ஷூயிஷா நிறுவனத்தின் மங்கா பிளஸ் செயலி இருக்கிறது. பெரும்பாலான தொடர்களில் முதல் மூன்று, கடைசி மூன்று அத்தியாயங்கள் இலவசம். தமிழ் காமிக்ஸ் ஊரிலிருந்து வரவேண்டும். ஒற்றைப் புத்தகத்துக்கு அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும் என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து தருவிப்பதோ, ஊருக்குப் போகிறவர் பெட்டியில் இடம் கேட்பதோதான் வழக்கம்.

திருட்டு ஸ்கேன் தளங்களின் இணைப்பை மட்டும் கட்டுரையில் கொடுக்காதீர்கள். உங்கள் மேல் கடுப்பில் இருக்கும் ஒருவர் உங்கள் பக்கத்தைப் புகார் செய்ய அதைவிடச் சுலபமான காரணம் கிடைக்காது.

4. விமர்சனம்னா கதைச்சுருக்கம் எழுதிட்டு "ஓவியம் அருமை"னு முடிக்கிறேன். சப்புனு இருக்கு. என்ன குறையுது?

குறைவது பக்கம். காமிக்ஸ் விமர்சனம் என்றால் ஒரு பக்கத்தையாவது வாசகரின் கண்முன் விரித்துக் காட்ட வேண்டும். ஒரு கற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். "ஓவியம் அருமை" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "மகள் வீட்டை விட்டுக் கிளம்பும் பக்கத்தில் ஆறு கட்டங்கள். ஐந்தில் அம்மாவின் கை மட்டும்தான். டிபன் டப்பாவை மூடுகிறது, பையின் ஜிப்பை இழுக்கிறது, குடையைத் தேடுகிறது. ஆறாவதில்தான் முகத்தைக் காட்டுகிறார்கள். அதற்குள் மின்தூக்கிக் கதவு மூடிவிட்டது." இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் ஓவியர் என்ன செய்தார் என்று தெரிந்துவிடுகிறது.

அளவு 600 முதல் 900 சொல் போதும். கதைச்சுருக்கம் அதில் கால்பங்கைத் தாண்டக்கூடாது. மீதியில் இரண்டு பக்கங்களை இப்படி விரித்து, ஒரு குறையைக் காரணத்தோடு சொல்லி முடிக்கலாம். குறையே சொல்லாத விமர்சனத்தை யாரும் இரண்டாம் தடவை நம்புவதில்லை.

பெயர்களை விடாதீர்கள்: எழுத்தாளர், ஓவியர், மை தீட்டியவர், வண்ணம், எழுத்து அமைப்பு, தமிழ்ப் பதிப்பானால் மொழிபெயர்ப்பாளர். கதாசிரியரை மட்டும் சொல்லி ஓவியரை விட்டுவிடுவதுதான் இந்தத் துறையில் ரொம்ப நாளாக நடக்கும் தவறு. எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். மூலத்தில் வண்ணத்தில் வந்த கதை தமிழில் கறுப்பு வெள்ளையாக வந்திருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு "ஓவியம் இருட்டாக இருக்கிறது" என்று எழுதினால் பழி தவறான ஆள்மேல் விழும்.

5. பேனல், பலூன் இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன எழுதுறது?

கட்டம், பேச்சுக் குமிழ், அட்டை, கதைசொல்லி வரி. கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை "இடைவெளி" என்றே எழுதலாம். சித்திரக்கதை என்ற சொல் அழகானதுதான், ஆனால் வாசகர்கள் பேசுவது காமிக்ஸ் என்றுதான். மங்கா, அனிமே, காஸ்பிளே (பாத்திரங்களைப்போல் உடையணிவது), ஸ்பாய்லர் (கதை முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது) ஆகியவற்றை வலிந்து மொழிபெயர்க்க வேண்டாம்.

6. எத்தனை படம் போடலாம்? காப்பிரைட் பிரச்சனை வருமா?

2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டம் 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு வழியைத் திறந்துவைக்கிறது. எதற்காக எடுத்தீர்கள், படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் புத்தகத்தின் விற்பனை கெடுமா ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். விமர்சனத்துக்காக எடுத்தால் படைப்பின் பெயரையும் படைத்தவர் பெயரையும் குறிப்பிட்டே ஆகவேண்டும். "படம்: கூகிள்" என்பது பெயர் குறிப்பிட்டதாக ஆகாது.

சட்டம் எண்ணிக்கை சொல்லவில்லை. நடைமுறையில் அட்டையும், நீங்கள் வார்த்தையில் விரித்துப் பேசும் இரண்டு மூன்று கட்டங்களும் போதும். முழு அத்தியாயம் வேண்டாம், கடைசிப் பக்கம் வேண்டவே வேண்டாம். மங்கா வலமிருந்து இடமாகப் போகும். இரண்டு கட்டங்களை வெட்டி இடமிருந்து வலமாக அடுக்கினால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வந்து நிற்கும். அப்படியே ஒரே படமாக எடுங்கள், தனித்தனியாக ஒட்ட வேண்டாம்.

7. பொண்ணுனு தெரியாத மாதிரி புனைபெயர்ல எழுதட்டுமா?

எழுதலாம். அது கோழைத்தனமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. தமிழில் அதற்கு வசதியும் உண்டு. "படித்தேன்", "வாங்கினேன்" என்று தன்மையில் எழுதும்போது வினைமுற்று ஆணா பெண்ணா என்று காட்டாது. உறவுச் சொற்கள்தான் காட்டிக்கொடுக்கும். "என் வீட்டுக்காரர்" என்று ஒரு இடத்தில் எழுதினால் முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால் தமிழ் வார இதழ்களில் ஆண்கள்தான் பெண் பெயரில் எழுதிக் குவித்தார்கள். சுஜாதா என்பது ரங்கராஜனின் மனைவி பெயர். மாடஸ்டியைப் படைத்த பீட்டர் ஓ'டோனல்கூட மேடலின் பிரென்ட் என்ற பெயரில் நாவல்கள் எழுதியவர். எதிர்த்திசையில் அமெரிக்க அறிவியல் புனைவில் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர். அந்த எழுத்தில் ஆண்மை தவிர்க்கமுடியாதபடி தெரிகிறது என்று ராபர்ட் சில்வர்பெர்க் 1975இல் முன்னுரையே எழுதினார். டிப்ட்ரீ உண்மையில் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண். அவர் தன் தாயார் இறந்ததைக் கடிதத்தில் சொல்லப்போக, வாசகர்கள் மரண அறிவிப்பைத் தேடிப் பிடித்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

8. புனைபெயர்லதான் எழுதுறேன். அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

இது சின்ன ஊர், தமிழ் வட்டம் அதைவிடச் சின்னது. பெரும்பாலும் படங்களால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புது அனிமே ஃபிகர் பொம்மையை ஜன்னலோரம் வைத்து எடுத்தால் பின்னால் எதிர் புளோக்கின் எண் பெரிதாகத் தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் எண்ணும் மாடியின் உயரமும் கிடைத்தால் வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். பார்சல் உறையின் முகவரிச் சீட்டு, அலுவலக அட்டையின் கயிறு, பிள்ளையின் பள்ளிச் சீருடை ஆகியவையும் அப்படித்தான். சுவரைப் பின்னணியாக வைத்து எடுங்கள்.

அடுத்தது படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பு. கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். நண்பர்கள் தெளிவாக வேண்டும் என்று ஆவணமாகக் கேட்கும்போதுதான் தவறு நடக்கிறது.

எழுத்துக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக் கணக்கில் உள்ள அதே பயனர்பெயர், அதே முகப்படம் வேண்டாம். சொந்தத் தளப்பெயர் வாங்கினால் பதிவு விவரத்தை மறைக்கும் வசதியோடு வாங்குங்கள். தொடர்புகளைச் செயலியோடு ஒத்திசைப்பதை அணையுங்கள், இல்லாவிட்டால் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று உங்கள் மேலாளருக்கே செயலி உங்களைக் காட்டும். இருபடிச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் அல்லாமல் சரிபார்ப்புச் செயலியில் வைப்பது பாதுகாப்பு.

9. நிகழ்ச்சில காஸ்பிளே பண்ணவங்களைப் படம் எடுத்துப் போடலாமா? என்னைப் போட்டா?

மரீனா பே சேண்ட்ஸில் நடக்கும் சிங்கப்பூர் காமிக் கான், சன்டெக்கில் நடக்கும் அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியா போன்றவற்றில் எழுதப்படாத ஒழுங்கு ஒன்றுண்டு. கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், வழியை அடைக்காமல் எடுக்க வேண்டும், எங்கே போடப்போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். சாப்பிடும்போதும் உடை சரிசெய்யும்போதும் எடுப்பது மரியாதை இல்லை. அவர்களது காஸ்பிளே பெயரைக் கேட்டு அதையே போடுங்கள், நீங்கள் அறிந்த சொந்தப் பெயரை அல்ல.

உங்கள் படத்தை நிகழ்ச்சி நடக்கும்போதே போடாமல் வீடு திரும்பியபின் போடுங்கள். கைத்தொலைபேசியின் நேரலையைப் பார்த்துவிட்டு அரங்குக்கே தேடி வருகிறவர்கள் உண்டு.

10. கதையில பெண்களைக் காட்டுற விதம் சரியில்லன்னு எழுதணும். எப்படி எழுதினா நிற்கும்?

எண்ணிக் காட்டினால் நிற்கும். 1999இல் கெயில் சிமோன் செய்தது அதுதான். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். 1994இல் வந்த கிரீன் லான்டர்ன் 54ஆம் இதழில் நாயகனின் காதலி அலெக்சாண்ட்ராவைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், 'விமன் இன் ரெஃப்ரிஜரேட்டர்ஸ்' என்ற பட்டியலின் பெயரே அதிலிருந்து வந்தது. "பெண்களை மோசமாக நடத்துகிறார்கள்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பார்கள். பட்டியல் என்பதால் இன்றும் பேசுகிறார்கள். சிமோன் பின்னர் அதே துறையில் முன்னணி எழுத்தாளரானார்.

1985இல் அலிசன் பெக்டல் வரைந்த சிறு காமிக்ஸ் துண்டிலிருந்து வந்த சோதனையும் பலருக்குத் தெரியும்: இரண்டு பெண்கள், ஆணைத் தவிர வேறு எதைப் பற்றியாவது ஒருவரோடொருவர் பேசுகிறார்களா? ஒரு கதைக்கு அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். நல்ல கதைகள் சில அதில் தோற்கும், குப்பைகள் சில தேறும். நீங்கள் படித்த முப்பது இதழ்களில் எத்தனை தேறின என்று பார்ப்பதற்குத்தான் அது உதவும்.

ஓவியரின் மனசுக்குள் போகாதீர்கள். "இவருக்குப் பெண்களைப் பிடிக்காது" என்று எழுதினால் நிரூபிக்க முடியாது. "14 பக்கங்களில் அவள் முகம் மூன்று கட்டங்களில்தான் இருக்கிறது" என்றால் மறுக்க விரும்புகிறவர் புத்தகத்தைத் திறந்து எண்ண வேண்டும்.

11. அவ்வளவு கவனமா எழுதினாலும் திட்டு வருமா?

வரும். 2014இல் டீன் டைட்டன்ஸ் முதல் இதழின் அட்டையில் பதின்ம வயது வொண்டர் கேர்ளை வரைந்திருந்த விதத்தை ஜனெல் ஆசலின் விமர்சித்தார். அவர் டிசி காமிக்ஸ் நிறுவனத்தில் பதிப்பாசிரியராக இருந்தவர், உடற்கூறு, அட்டை அமைப்பு என்று தொழில் ரீதியாகத்தான் எழுதியிருந்தார். பதிலுக்கு வன்புணர்வு மிரட்டல்கள் வந்தன. காமிக்ஸ் துறையில் பாலியல் தொல்லை பற்றி அவர் அப்போது நடத்திக்கொண்டிருந்த கருத்தாய்வுப் படிவத்தின் வழியாகவே அனுப்பினார்கள்.

அதனால் கட்டுரையை வலுவாக எழுதுவது வேறு வேலை, தாக்குதலுக்குத் தயாராவது வேறு வேலை. முதலாவதை ஒழுங்காகச் செய்தால் இரண்டாவது தேவைப்படாது என்று நினைத்து 8ஆம் பதிலில் சொன்னவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

12. நான் யாரையும் குறையே சொல்லல. சும்மா ஒரு செல்ஃபிதான் போட்டேன். அதுக்கு ஏன்?

2017இல் மார்வெல் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்கள் சிலர் மில்க்ஷேக் குடித்துக்கொண்டு எடுத்த படம் ஒன்றை ஹெதர் ஆன்டோஸ் பகிர்ந்தார். அந்நிறுவனத்தின் ஆரம்ப காலத்தில் பணியாற்றிய ஃப்ளோ ஸ்டைன்பெர்க் அந்த வாரம்தான் காலமாகியிருந்தார், அவர் நினைவாகத்தான் அந்த மில்க்ஷேக். படத்தில் அரசியல் இல்லை, விமர்சனம் இல்லை, பெண்களும் கோப்பைகளும்தான். அதற்கே வசை மழை. பின்னர் துறையைச் சேர்ந்த பலரும் மில்க்ஷேக் படம் போட்டு ஆதரவு காட்டினார்கள்.

இந்த வகை வசையில் பதில் சொல்ல ஒரு வாதமும் கிடையாது. அவர்களுக்கு உறுத்துவது உங்கள் கருத்து அல்ல, நீங்கள் அங்கே இருப்பது. விளக்கம் கொடுத்து நேரத்தை விரயமாக்க வேண்டாம்.

13. கமெண்ட்ஸை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? எல்லாத்தையும் அழிச்சா "விமர்சனம் தாங்காதவ"ங்கிறாங்க.

மூன்று வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். "சிஸ், அந்த இதழை வரைந்தது அவர் இல்லை, வேறொருவர்." இது திருத்தம். சரிபார்த்து, நன்றி சொல்லி, கட்டுரையின் கீழே தேதியோடு "ஓவியர் பெயர் திருத்தப்பட்டது" என்று போடுங்கள். சத்தமில்லாமல் மாற்றினால் பழைய ஸ்கிரீன்ஷாட்டோடு வருவார்கள்.

"வீட்ல சமையல் ஆச்சா? புருஷன் புக்கைப் படிச்சிட்டு வந்துட்டா." இது இருந்தாலும் போனாலும் ஒன்றுதான். மறைத்துவிடுங்கள். "நீ எந்த புளோக்னு தெரியும்." இதை அழிக்கவே கூடாது, உடனே 14ஆம் பதிலுக்குப் போங்கள்.

சொல் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். ஆனால் தமிழுக்கு அதை நாம்தான் பழக்க வேண்டும். பல தளங்களில் சொல் முழுதாகப் பொருந்தினால்தான் பிடிக்கும். "லூசு" என்று கொடுத்தால் "லூசே", "லூசுக்கு", "லூசுங்க" எல்லாம் நழுவிவிடும். வேற்றுமை உருபு ஏறிய வடிவங்கள், எழுத்துக்கு நடுவே இடம்விட்ட வடிவம், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது வரும் நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் என்று ஒவ்வொரு வசைக்கும் எட்டுப் பத்து வரி போடவேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து முடித்துவிடலாம். ஒரே இரவில் கூட்டமாக வந்தால், பின்தொடர்பவர் மட்டும் எழுதலாம் என்று மூன்று நாளைக்கு மாற்றிவையுங்கள். கூட்டத்துக்குப் பொறுமை குறைவு.

14. மிரட்டல் வந்துருச்சு. முதல்ல என்ன செய்யணும்?

உடனடி ஆபத்து என்று தோன்றினால் 999. இல்லையென்றால் முதலில் ஆதாரம், பிறகுதான் பிளாக். பிளாக் செய்தபின் சில தளங்களில் அவர் எழுதியது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

கைத்தொலைபேசியில் வெட்டிய படம் பாதி ஆதாரம்தான். கணினியில் முழுத் திரையாக எடுங்கள். முகவரிப் பட்டை, பயனர்பெயர், தேதி, நேரம், உங்கள் பதிவு எல்லாம் தெரிய வேண்டும். அவரது முகப்புப் பக்கத்தின் இணைப்பைத் தனியாகப் பிரதி எடுங்கள், ஏனென்றால் காட்சிப்பெயரை ஒரு நொடியில் மாற்றிவிடுவார்கள். பக்கத்தை பிடிஎஃப்பாகவும் சேமியுங்கள். தானாக மறையும் செய்திகளை இன்னொரு தொலைபேசியால் படம் பிடியுங்கள். பிறகு ஓர் அட்டவணை: தேதி, நேரம், இணைப்பு, என்ன எழுதினார், நீங்கள் என்ன செய்தீர்கள். இதைப் படிக்க உங்களுக்கு வயிற்றைப் பிசைந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் கணக்கைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

15. சட்டம் உண்மையிலேயே உதவுமா, இல்ல பேருக்கா?

தொல்லையிலிருந்து பாதுகாக்கும் 'போஹா' சட்டம் 2014இல் வந்தது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதும் 2020 ஜனவரி முதல் குற்றம். அதற்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021 ஜூனிலிருந்து இதற்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்டு சிங்பாஸ் (அரசின் மின்னடையாளக் கணக்கு) வழி இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், விசாரணைக்கு முன்பே நடப்புக்கு வரும் விரைவு உத்தரவும் கேட்கலாம். அங்கே முதலில் கேட்பது 14ஆம் பதிலின் அட்டவணையைத்தான்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், இணையத் தீங்குக்கு ஆளானவர்களுக்காக 2023இல் தொடங்கப்பட்ட ஷிகேர்ஸ் மையம் ஆலோசனையும் சட்ட வழிகாட்டலும் தருகிறது. பெண்கள் உரிமை அமைப்பான அவேருக்கும் உதவி எண் உண்டு.

16. அவன் பேரு, வேலை பார்க்குற இடம் எல்லாம் தெரியும். ஊர் அறியப் போட்டு நாறடிக்கட்டுமா?

வேண்டாம். 15ஆம் பதிலில் சொன்ன அதே பிரிவு உங்கள்மேலும் பாயும். முதலில் தொல்லை கொடுத்தவர் அவர் என்பது உங்கள் பதிவைச் சட்டப்படி சரியாக்கிவிடாது. நடந்ததை எழுதலாம். பெயர், முகப்படம், வேலையிடம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கறுப்புக் கட்டத்தால் மூடிவிட்டு எழுதுங்கள். மங்கலாக்கும் கருவியை நம்பாதீர்கள், சில சமயம் மீட்டெடுத்துவிட முடியும். முழு விவரம் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும்.

17. காஸ்பிளே படத்தை வச்சு அசிங்கமா எடிட் பண்ணிட்டாங்க. "அது நீ இல்லையே, பொய்ப் படம்தானே"ங்கிறாங்க.

பொய்ப் படம் என்பது அவர்களுக்குத் தப்பிக்கும் வழி ஆகாது. சம்மதமில்லாமல் அந்தரங்கப் படத்தைப் பரப்புவதும், பரப்புவேன் என்று மிரட்டுவதும் தண்டனைச் சட்டத்தில் குற்றம். ஒட்டி வெட்டி மாற்றிய படமும் அதில் அடங்கும். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. படத்தை "பாருங்கள் என்ன செய்தார்கள்" என்று நீங்களே மறுபடி பகிராதீர்கள், நண்பர்களுக்கும் அனுப்பாதீர்கள். இணைப்பைக் குறித்துக்கொண்டு தளத்திலும் காவல்துறையிலும் புகார் செய்யுங்கள்.

18. தொல்லை கொடுக்கிறவர் வெளியாள் இல்ல. எங்க வட்டத்துல எல்லாரும் மதிக்கிற அண்ணன். புத்தகம் எல்லாம் கொடுத்து உதவினவர்.

அடிக்கடி வருவதும் ரொம்பக் கஷ்டமானதும் இந்தக் கேள்விதான். அரிய இதழ் கடனாகக் கொடுப்பார், ஸ்கேன் அனுப்புவார், பிறகு இரவு பதினொன்றுக்கு "தூங்கலையா" என்று ஆரம்பிப்பார். கண்டுகொள்ளாமல் விட்டால் குழுவில் உங்கள் எழுத்தைக் கிண்டல் செய்வார்.

கடன் வாங்கிய புத்தகங்களை முதலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொது இடத்தில், அல்லது இன்னொருவர் மூலம். கொடுத்ததற்குச் செய்தியில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து ஒரே ஒரு தெளிவான வரி: "அண்ணே, காமிக்ஸ் பற்றி குழுவில் பேசலாம். தனியாக எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்." சிரிப்பு முகம் சேர்க்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். அந்த வரிக்குப் பிறகும் வரும் ஒவ்வொரு செய்தியும் அட்டவணையில் ஏறும். பிறகு அதே வட்டத்தில் உள்ள பெண் ஒருவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் முதல் ஆளாக இருப்பது அபூர்வம்.

19. நான் டிபெண்டன்ட் பாஸ்ல இருக்கேன். யூடியூப்ல, கட்டுரைக்குக் காசு வந்தா வாங்கலாமா?

கேட்காமல் வாங்காதீர்கள். 2021 மே முதல் டிபெண்டன்ட் பாஸில் (இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் அட்டை) உள்ளவர்கள் இங்கே வேலை செய்ய வேலை அனுமதி பெற வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் அந்த அனுமதி குறிப்பிட்ட முதலாளிக்குத்தான், பக்கத்தில் ஃப்ரீலான்ஸ் கிடையாது. பொழுதுபோக்காக எழுதுவது வேறு, விளம்பர வருமானத்தைத் திறந்துவிடுவது வேறு. பொத்தானை அழுத்துமுன் மனிதவள அமைச்சிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். "எல்லாரும் செய்றாங்க" என்பதை நம்பாதீர்கள். உங்கள்மேல் கோபத்தில் இருப்பவர் முதலில் புகார் எழுதும் இடம் அதுதான்.

குடியுரிமையும் நிரந்தரவாசமும் உள்ளவர்களுக்கு இது வெறும் வரிக் கணக்கு. சொந்தத் தொழில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும்.

20. பதிப்பகம் இலவசப் புத்தகம் அனுப்புது. குறை எழுதலாமா?

எழுதலாம், எழுத வேண்டும். இலவசமாக வந்தது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள், கடைசியில் ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்காதீர்கள். "பாராட்டினால்தான் அடுத்தது" என்று யாராவது குறிப்பாகச் சொன்னால் அது இலவசப் புத்தகம் அல்ல, மலிவான விளம்பரக் கூலி.

21. என் மக உயர்நிலை மூணுல படிக்கிறா. மங்கா பத்தி எழுதணுங்கிறா. விடலாமா?

விடுங்கள். கணக்கைத் தட்டிப் பறித்தால் உங்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு வரும், பிரச்சனை வந்தாலும் உங்களிடம் சொல்லமாட்டாள். சேர்ந்து உட்கார்ந்து 8ஆம் பதிலை ஒருமுறை செய்து பாருங்கள். இங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சீருடை என்பதால் சட்டைக் கழுத்துப்பட்டி தெரிந்தாலே பள்ளி தெரிந்துவிடும். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் தெரியாதவர்களின் நேரடிச் செய்தியை அணைத்துவையுங்கள். "வயசு என்ன", "தனியா இருக்கியா", "இன்னொரு செயலிக்கு வா" ஆகிய மூன்றில் எது வந்தாலும் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள், காட்டினால் தொலைபேசியைப் பிடுங்க மாட்டேன் என்று வாக்கும் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

22. போதும்னு தோணுது. நிறுத்திட்டா பழசையெல்லாம் அழிச்சிடவா?

அழிப்பதற்கு முன் தளத்தின் அமைப்பில் உள்ள 'உங்கள் தரவைப் பதிவிறக்கு' வசதியைப் பயன்படுத்திப் பிரதி எடுத்துவையுங்கள். தயாராக ஓரிரு நாள்கூட ஆகலாம், இணைப்பும் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் வேலை செய்யும், எனவே மின்னஞ்சலைக் கவனியுங்கள். புகார் ஏதாவது நிலுவையில் இருந்தால் முடியும்வரை எதையும் அழிக்காதீர்கள், ஆதாரமும் சேர்ந்து போய்விடும்.

கணக்கை முழுதாக நீக்கினால் சில தளங்களில் அந்தப் பயனர்பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும், உங்கள் பெயரில் எழுதவும் தொடங்கலாம். அதனால் பதிவுகளை மறைத்து, பூட்டி, கடவுச்சொல்லை மாற்றி அப்படியே விட்டுவையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நல்ல புத்தகம் கையில் கிடைத்தால் பழைய சாவி வேலை செய்யும்.